ஐந்து சென்டிமீட்டர்

2018 நவம்பர் 5. தென் பசிபிக்கில், கேப் ஹார்ன் முனைக்கு மேற்கே சுமார் 1,900 கடல் மைல் தொலைவில் ‘மத்மூட்’ என்ற பாய்ப்படகு போய்க்கொண்டிருந்தது. படகில் இருந்தவர் ஒரே ஒருவர்: ழான்-லூக் வான் டென் ஹீட். பிரான்சில் கணித ஆசிரியராக இருந்தவர், வயது 73. காற்றின் வேகம் சுமார் 65 நாட், அதாவது மணிக்கு 120 கிலோமீட்டர். அலைகள் 10 மீட்டரைத் தாண்டி எழுந்தன. அவற்றில் ஒன்று படகைத் தூக்கிப் புரட்டியது. பாய்மரம் தண்ணீருக்குள் போய்த் திரும்பியது. படகின் அடியில் இருந்த ஈயக் கனம் அதை மறுபடி நிமிர்த்தியது.

பாய்மரம் முறியவில்லை. ஆனால் அதன் நடுப்பகுதியில், கீழ்ப் பக்கக் கம்பிகளைத் தாங்கியிருந்த போல்ட் அலுமினியச் சுவரைக் கிழித்துக்கொண்டு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. அவ்வளவுதான் சேதம். அந்த 5 சென்டிமீட்டரால் கம்பிகள் தொய்ந்துபோயின. பாய்மரம் எந்த நேரமும் விழக்கூடும் என்ற நிலை. சிலியின் வல்பரைசோ துறைமுகத்துக்குத் திரும்பிப் பழுதுபார்ப்பதாக முதலில் முடிவு செய்தார் வான் டென் ஹீட். பிறகு காற்று தணிந்த வேளைகளில் ஆடும் படகின் மரத்தில் பல முறை ஏறி, கம்பிகளைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். துறைமுகத்துக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, பாய்களைக் குறைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். 2019 ஜனவரி 29 அன்று லே சாப்ல் தொலோன் துறைமுகத்தை அடைந்து, உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் படகுப் போட்டியில் முதலிடம் பெற்றார்.

அது பழைய படகுகளுக்கென்றே நடந்த போட்டி. 1988க்கு முன் வடிவமைக்கப்பட்ட, 32 முதல் 36 அடி நீளமுள்ள படகுகளுக்கு மட்டுமே அதில் அனுமதி. புறப்பட்டவர்கள் 18 பேர், உலகைச் சுற்றி முடித்தவர்கள் 5 பேர். இன்னொரு 5 பேர் வழியில் பாய்மரத்தை இழந்தார்கள். இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியும் அவர்களில் ஒருவர். கோவாவில் கட்டப்பட்ட அவருடைய ‘துரியா’ 2018 செப்டம்பர் 21 அன்று தெற்கு இந்தியப் பெருங்கடல் புயலில் மரம் முறிந்து நின்றது. முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்திருந்த அவரை மூன்று நாள் கழித்து பிரெஞ்சு மீன்வளக் காவல் கப்பல் ஒன்று மீட்டது.

உலகின் படகுத்துறைகளில் 30, 40 வயதான பாய்ப்படகுகள் ஏராளமாக இருக்கின்றன. கண்ணாடியிழையில் செய்த அவற்றின் உடல் இன்னும் பல்லாண்டு தாங்கும். பாய்மரத்தைப் பிடித்திருக்கும் பட்டை, போல்ட், பின், ரிவெட் போன்ற சிறு உலோகத் துண்டுகளுக்கு அத்தனை ஆயுள் கிடையாது. அவை எப்படித் தேய்கின்றன, எங்கே பிளக்கின்றன, மாற்றும்போது எதையெல்லாம் யோசிக்க வேண்டும் என்பதைத்தான் இந்த அத்தியாயம் பார்க்கிறது. உடைந்த துண்டைப் போலவே இன்னொன்றை வாங்கிப் பொருத்துவது எளிது. அது ஏன் உடைந்தது என்று கண்டுபிடிக்காமல் பொருத்தினால், புதியதும் அதே இடத்தில் அதே விதமாக உடையும்.

மரத்தை நிறுத்துவது யார்?

இன்றைய பாய்மரம் பெரும்பாலும் உள்ளே வெற்றிடமான ஓர் அலுமினியக் குழாய். அது தன் பலத்தால் நிற்பதில்லை. முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு கம்பி, இரு பக்கமும் பக்கக் கம்பிகள் என எல்லாம் இழுத்துப் பிடிப்பதால் நிற்கிறது. மரத்தின் உச்சியிலிருந்து வரும் மேல் பக்கக் கம்பி, ஸ்பிரெடர் எனப்படும் குறுக்குக் கையின் நுனியைத் தொட்டுக் கீழே இறங்கும். ஸ்பிரெடரின் அடியிலிருந்து புறப்படுவது கீழ்ப் பக்கக் கம்பி. இவை எல்லாம் டர்ன்பக்கிள் என்ற முறுக்கு இறுக்கி வழியாக, படகின் உடலோடு பிணைந்த செயின்பிளேட் என்ற எஃகுப் பட்டையில் முடியும்.

இதில் எவ்வளவு விசை ஓடுகிறது என்பதை ஓர் எளிய கணக்கில் காணலாம். 6 டன் எடையுள்ள படகு காற்றில் 30 பாகை சாய்ந்திருக்கிறது. அதன் எடை கீழ்நோக்கி இழுக்கும் கோட்டுக்கும், தண்ணீர் மேல்நோக்கித் தாங்கும் கோட்டுக்கும் இடையே அரை மீட்டர் தூரம். அப்படியானால் படகை நிமிர்த்தும் திருப்புவிசை 3,000 கிலோகிராம்-மீட்டர். செயின்பிளேட் மரத்திலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி இருந்தால், காற்றடிக்கும் பக்கத்துக் கம்பிகள் சேர்ந்து தாங்கும் இழுப்பு 2,000 கிலோ. ஒரு சிறிய காரைத் தொங்கவிட்டதை விடக் கூடுதல். இத்தகைய படகில் வழக்கமாக இருக்கும் 8 மி.மீ. எஃகுக் கம்பி நாலரை முதல் 5 டன் வரை தாங்கும் என்பதால் கம்பிக்குக் கவலையில்லை. கம்பியின் முனைதான் கவலை.

கம்பிக்கும் மரத்துக்கும் இடையிலான கோணம் மிகச் சிறியது, பெரும்பாலும் 12 பாகை அளவில்தான் இருக்கும். பக்கவாட்டில் 1 கிலோ தாங்கிப் பிடிக்கக் கம்பி ஏறத்தாழ 5 கிலோ இழுபட வேண்டும். அந்த இழுப்பின் பெரும்பகுதி மரத்தைக் கீழ்நோக்கியே அழுத்துகிறது. மத்மூட்டின் போல்ட் பக்கவாட்டில் பிய்த்துக்கொண்டு வராமல் கீழ்நோக்கிக் கிழித்ததற்குக் காரணம் இதுதான்.

போல்ட் ஏன் கிழிக்கிறது? 12 மி.மீ. விட்டமுள்ள போல்ட், 4 மி.மீ. கனமுள்ள அலுமினியச் சுவரில் அழுந்தும் பரப்பு 48 சதுர மி.மீ. மட்டுமே. புயலில் 2 டன் இழுப்பு அந்த ஒரு துளையில் விழுந்தால், ஒரு சதுர மி.மீ.க்கு 400 நியூட்டனுக்கு மேல் அழுத்தம். பாய்மரத்துக்குப் பயன்படும் அலுமினியக் கலவை இழுவிசையில் நிரந்தரமாக வளையத் தொடங்கும் அளவு சுமார் 250 நியூட்டன். துளையைச் சுற்றி உலோகம் நெருங்கி நிற்பதால் அழுத்தத்தில் அது இதைவிடக் கூடுதலாகத் தாங்கும் என்றாலும், 400 என்பது எல்லையைத் தாண்டிய எண். அதனால்தான் நல்ல பாய்மரத்தில் துளையைச் சுற்றிக் கூடுதல் தகடு ஒன்று ரிவெட் அடித்துச் சேர்க்கப்படுகிறது. இரு சுவர்களையும் ஊடுருவும் போல்ட்டுக்கு உள்ளே ஒரு குழாய் நுழைக்கப்படுகிறது. நட்டை முறுக்கும்போது மரத்தின் சுவர் உள்ளே நசுங்காமல் அந்தக் குழாய் காக்கும்.

கீழ்க் கம்பி தொய்ந்தால் நேரும் ஆபத்தை 18ஆம் நூற்றாண்டிலேயே லியோனார்ட் ஆய்லர் கணக்கிட்டுவிட்டார். அழுத்தத்துக்கு உள்ளாகும் தூண் எந்தச் சுமையில் வில்லாக வளையும் என்பது அதன் பிடியற்ற நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நடுவில் பிடித்திருக்கும் கம்பி போனால் பிடியற்ற நீளம் இரட்டிப்பாகும், தாங்குதிறன் நாலில் ஒன்றாகும். வான் டென் ஹீட் மரமேறிக் கட்டிய கயிறு மீட்டுத் தந்தது இந்த நான்கு மடங்கைத்தான்.

காற்று புகாத இடுக்கு

படகில் உள்ள பட்டைகளும் பின்களும் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் துப்பாக்கிக் குழல் தேய்மானத்தை ஆராய்ந்துகொண்டிருந்த ஹாரி பிரேர்லி உருவாக்கிய குரோமியம் கலந்த எஃகிலிருந்து வளர்ந்த குடும்பம் அது. கலவையில் உள்ள குரோமியம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, சில நானோமீட்டர் கனமே உள்ள ஆக்சைடு படலமாக மேற்பரப்பை மூடும். கீறினால் உடனே மறுபடி வளரும். அந்தப் படலம்தான் எஃகைத் துருவிலிருந்து காக்கிறது, அது வளர ஆக்சிஜன் வேண்டும்.

செயின்பிளேட் மேல்தளத்தை ஊடுருவிக் கீழே போகும் இடத்தில், சுற்றிலும் ரப்பர் போன்ற பசை பூசி அடைத்திருப்பார்கள். சில ஆண்டுகளில் பசை விலகும். கடல்நீர் அந்த மெல்லிய இடைவெளியில் புகுந்து தேங்கும். அங்கே இருக்கும் கொஞ்ச ஆக்சிஜனும் தீர்ந்துபோனதும் படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. கரையும் உலோக அயனிகள் நீரோடு வினைபுரிந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. மின்சமநிலைக்காக வெளியிலிருந்து குளோரைடு உள்ளே இழுக்கப்படுகிறது. அமிலமும் குளோரைடும் கூடக்கூட அரிப்பு வேகமாகிறது, அரிப்பு கூடக்கூட அமிலம் பெருகுகிறது. மேலே பளபளவென்று மின்னும் பட்டை, தளத்துக்குள் மறைந்திருக்கும் 2 சென்டிமீட்டரில் பாதி தின்னப்பட்டிருக்கும்.

உப்பையும் ஊறுகாயையும் எவர்சில்வர் பாத்திரத்தில் நாள்கணக்கில் வைக்கக் கூடாது, பீங்கான் ஜாடியில்தான் போட வேண்டும் என்று வீடுகளில் சொல்வதும் இதே குளோரைடுக்குப் பயந்துதான்.

பட்டையின் மேல் முகத்தில் பரவியிருக்கும் பழுப்புக் கறையைத் தேய்த்தால் போய்விடும், அதனால் ஆபத்தில்லை. இடுக்கிலிருந்து கோடாக வழிந்து வரும் துருக்கறையோ உள்ளே நடப்பதன் சாட்சி. அதைத் துடைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது, பட்டையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். சில பழைய படகுகளில் செயின்பிளேட்டைக் கண்ணாடியிழைக்குள் முழுதாகப் புதைத்துக் கட்டியிருக்கிறார்கள். அங்கே பார்ப்பதென்றாலே உடலை வெட்ட வேண்டும். அத்தகைய படகை வாங்கியவர்கள் பலர் பழைய பட்டையை அப்படியே விட்டுவிட்டு, உடலின் வெளிப்புறத்தில் கண்ணுக்குத் தெரியும்படி புதிய பட்டையை போல்ட் போட்டுப் பொருத்துகிறார்கள்.

கம்பியின் முனைக்கும் இதே கதிதான். பெரும்பாலான கம்பிகளின் நுனி, ஒரு எஃகுக் குழாய்க்குள் நுழைக்கப்பட்டு உருளைகளால் நசுக்கப்பட்டிருக்கும். இதற்கு ஸ்வேஜ் முனை என்று பெயர். கம்பி வழியாக இறங்கும் உப்புநீர் கீழ் முனையின் குழாய்க்குள் தேங்குகிறது. மேல் முனையில் தேங்க வழியில்லை. அதனால்தான் ஒரே கம்பியின் கீழ் முனை பெரும்பாலும் முதலில் பிளக்கிறது. குழாயின் நீளவாக்கில் மயிரிழை போன்ற கோடு, வாயருகே அறுந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஒற்றை இழை, இவற்றில் எதைக் கண்டாலும் கம்பியை மாற்றிவிட வேண்டும்.

இரு உலோகங்களின் உரசல்

அலுமினிய மரத்தில் எஃகுப் பட்டையைப் பொருத்தி, நடுவே உப்புநீரை விட்டால் அது ஒரு மின்கலம். அலுமினியம் எலக்ட்ரானைக் கொடுத்துக் கரையும், எஃகு அப்படியே இருக்கும். கடலில் மூழ்கிய பொருளில் இந்த அரிப்பு பரவலாக நடக்கும். பாய்மரத்தில் இருப்பதோ மெல்லிய ஈரப்படலம் மட்டுமே. மின்னோட்டம் நெடுந்தூரம் போக முடியாததால், தாக்குதல் முழுவதும் பட்டையைச் சுற்றிய சில மில்லிமீட்டரில் குவிகிறது. துளை அகலமாகிறது, போல்ட் ஆடத் தொடங்குகிறது.

இதற்கும் முன்னறிவிப்பு உண்டு. கரைந்த அலுமினியம் வெண்பொடியாகப் படிகிறது. அது மூல உலோகத்தைவிட அதிக இடம் அடைத்துக்கொள்வதால் பெயின்ட் கொப்புளிக்கிறது. கொப்புளங்கள் மரம் முழுதும் சிதறாமல் ரிவெட்டையும் பட்டையையும் சுற்றி மட்டும் இருந்தால், அங்கே அரிப்பு நடக்கிறது என்று கொள்ளலாம்.

லட்சக்கணக்கான இழுப்புகள்

1850களிலும் 60களிலும் ஜெர்மனியில் ரயில் அச்சுகள் காரணமின்றி முறிவதை ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர், ஒரே முறையில் உடைக்கும் சுமையைவிட வெகுவாகக் குறைந்த சுமைகூட, லட்சக்கணக்கான முறை வந்து போனால் உலோகத்தை முறித்துவிடும் என்று காட்டினார். பெருங்கடலில் 7 விநாடிக்கு ஓர் அலை என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளில் 12,000 முறை கம்பிகள் இறுகித் தளர்கின்றன. 100 நாள் பயணத்தில் 12 லட்சம் முறை.

எஃகு சாதாரணமாக ஒரு வரம்புக்குக் கீழ்ப்பட்ட சுமையை எத்தனை முறையும் தாங்கும். உப்புநீரில் அந்த வரம்பு காணாமல் போகிறது. அலுமினியத்துக்கு அப்படியொரு வரம்பே கிடையாது. பள்ளமும் இடுக்கும் எங்கே இருக்கிறதோ அங்கிருந்து விரிசல் புறப்படும். 1980களிலிருந்து பல மரங்களில் பயன்படும் ‘டி’ வடிவ முனை இதற்கு நல்ல உதாரணம். மரத்தின் துளைக்குள் நுழைத்துத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும் அந்த முனையின் கழுத்து, கம்பி முன்னும் பின்னும் ஆடும்போது வளைந்து நிமிர்கிறது. விரிசல் அந்தக் கழுத்தின் வளைவில், மரத்துக்குள் மறைந்த பக்கத்தில் தொடங்குகிறது. டர்ன்பக்கிளின் கீழே டோகிள் என்ற இருதிசை மூட்டு இல்லாத படகுகளில் திருகுத் தண்டு இதே போல வளைந்து முறிகிறது.

கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காண எளிய வழி ஒன்று இருக்கிறது. துண்டை நன்றாகச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத் திரவத்தைத் தெளித்துச் சிறிது நேரம் விட வேண்டும். நுண்புழை ஈர்ப்பால் சாயம் விரிசலுக்குள் ஏறும். மேலே உள்ளதைத் துடைத்துவிட்டு வெள்ளைப் பொடி தெளித்தால், உள்ளே போன சாயம் மறுபடி ஊறி வெளியே வந்து சிவப்புக் கோடாகத் தெரியும். விமானத் தொழிலில் நெடுங்காலமாக இருக்கும் இந்தச் சோதனைக்கான மூன்று ஸ்ப்ரே டப்பாக்களும் கடையிலேயே கிடைக்கின்றன.

கழற்றும் கலை

பழைய மரத்தில் 30 ஆண்டு இறுகிக் கிடக்கும் ஸ்க்ரூவைத் திருப்புளியால் பலங்கொண்டு திருப்பினால் தலை வழுக்கிவிடும். வெண்பொடி அதைச் சிமென்ட் போலப் பிடித்திருக்கிறது. இங்கே வெப்பவியல் கைகொடுக்கிறது. ஒரு டிகிரி சூட்டுக்கு அலுமினியம் 10 லட்சத்தில் சுமார் 23 பங்கு விரியும், எஃகு 16 பங்கு. சூடுபடுத்தினால் துளை ஸ்க்ரூவைவிட அதிகம் விரியும். 6 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 100 டிகிரி சூடேற்றினால் கிடைக்கும் வித்தியாசம் 4 மைக்ரோமீட்டர்தான். ஆனால் பொடியின் பிடியை உடைக்க அது போதும். ஊடுருவும் எண்ணெயை ஓரிரு நாள் ஊறவிட்டு, சூடான காற்றை அடித்து, சுத்தியல் அடியைத் திருப்பலாக மாற்றும் இம்பாக்ட் டிரைவரை வைத்துத் தட்டினால் பெரும்பாலான ஸ்க்ரூக்கள் அசைந்து கொடுக்கும். தீச்சுடரை நேராகக் காட்டக் கூடாது. சுமார் 150 டிகிரி செல்சியசைத் தாண்டி நேரம் போகப்போக, அலுமினியக் கலவை தன் பதத்தை இழந்து மென்மையாகும்.

அதே காரணத்தால்தான் கிழிந்த துளையை வெல்டிங் வைத்து அடைப்பதும் தவறாகிறது. மரங்களுக்குப் பரவலாகப் பயன்படும் 6061-டி6 போன்ற கலவையில் வெல்டிங் சூடு பட்ட இடம் ஏறத்தாழ 40 சதவீத வலிமையை இழக்கும். பாய்மர வேலை செய்யும் அனுபவமுள்ள ரிக்கர், கிழிந்த பகுதியின் முனைகளை வட்டமாக அரைத்து விரிசல் ஓடாமல் நிறுத்துவார். மரத்தின் வளைவுக்குப் பொருந்தும் அலுமினியத் தகட்டைப் பசையும் ரிவெட்டும் போட்டு மேலே சேர்ப்பார். ரிவெட்டுகள் ஒரே நேர்கோட்டில் வரிசையாக வராமல் மாற்றி மாற்றி அமையும். ஒரே கோட்டில் துளையிட்டால், அதுவே மரம் கிழிவதற்கான கோடாகிவிடும்.

புதியதைப் பொருத்தும்போது

முதல் கேள்வி, எந்த உலோகம்? 304 ரகத்தில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. 316இல் கூடுதலாக 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, அது குளோரைடை எதிர்த்து நிற்க உதவும். கடலுக்கு 316 நல்லது, ஆனால் இடுக்கில் அதுவும் அரிபடும். டைட்டானியம் கடல்நீரின் சாதாரண வெப்பநிலையில் இடுக்கிலும் அரிபடாது, எடையும் எஃகில் பாதிக்குச் சற்றே அதிகம். விலை கூடுதல் என்றாலும், தளத்தை ஊடுருவும் செயின்பிளேட்டுக்குச் சில உரிமையாளர்கள் இப்போது அதையே தேர்ந்தெடுக்கிறார்கள்.

இரண்டாவது, உலோகங்களைப் பிரித்துவைப்பது. பட்டைக்கும் மரத்துக்கும் நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள், ஸ்க்ரூவின் திருகில் டியூராலாக் அல்லது டெஃப்-ஜெல் போன்ற களிம்பு. இந்தக் களிம்பு உப்புநீரை உள்ளே விடாது, அடுத்த முறை கழற்றவும் எளிதாக இருக்கும். பெரும் சுமை தாங்கும் ரிவெட்டுக்கு அலுமினியம் போதாது. நிக்கலும் செம்பும் கலந்த மொனெல் ரிவெட்டையே பயன்படுத்துவார்கள்.

மூன்றாவது, பிடிமானம். 3 மி.மீ. கனமுள்ள சுவரில் 1 மி.மீ. இடைவெளித் திருகு வெட்டினால் ஸ்க்ரூவைப் பிடிக்கக் கிடைப்பது மூன்றே சுற்றுகள். கயிறு மாட்டும் சிறு கொக்கிக்கு அது போதும். பாயின் அடிப்பக்கத்தைப் பிடித்திருக்கும் பூம் என்ற தண்டை மரத்தோடு இணைக்கும் கூஸ்நெக் மூட்டுக்கோ கம்பியின் பட்டைக்கோ போதாது. அங்கே ரிவெட் வேண்டும், அல்லது உள்குழாயோடு ஊடுருவும் போல்ட் வேண்டும்.

கம்பி முனைக்கும் மாற்று இருக்கிறது. ஸ்டா-லாக் போன்ற திருகு முனைகளில் கம்பியின் இழைகள் ஒரு கூம்பைச் சுற்றி விரிக்கப்பட்டு, மேல் உறை முறுக்கப்படுகிறது. பெரிய இயந்திரம் தேவையில்லை, இரண்டு ஸ்பானர் போதும். நடுக்கடலில் ஒரு ஆளே செய்துகொள்ளலாம். உள்ளே பசை நிரப்பினால் தண்ணீர் தேங்க இடமிருக்காது. எல்லாவற்றையும் விட, எப்போது வேண்டுமானாலும் திறந்து உள்ளே பார்க்கலாம். நசுக்கிய ஸ்வேஜ் முனையில் இந்த வசதி கிடையாது. தொலைதூரம் போகும் படகுக்காரர்கள் திருகு முனையை விரும்புவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எல்லாம் பொருத்தியபின் மரம் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்த்து, இரு பக்கக் கம்பிகளையும் சமமாக இறுக்க வேண்டும். ஸ்பிரெடரின் நுனி, கம்பி அங்கே மடங்கும் கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்க வேண்டும். இல்லையென்றால் நுனி கம்பியில் மேலும் கீழும் வழுக்கும். முதல் பயணத்துக்கு மிதமான காற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. 19 இழைகளை முறுக்கிச் செய்த புதுக் கம்பியில், சுமை ஏறியதும் இழைகள் ஒன்றோடொன்று நெருங்கி அமர்வதால் கம்பி சற்று நீளும். கரைக்கு வந்து டர்ன்பக்கிளை மறுபடி முறுக்கி, பின்களின் கால்களை விரித்து, கூரான நுனிகளின் மேல் நாடா சுற்ற வேண்டும். ஒவ்வொரு டர்ன்பக்கிளிலும் வெளியே தெரியும் திருகின் நீளத்தை அளந்து, தேதியோடு படகின் பதிவேட்டில் எழுதிவைத்தால், அடுத்த பருவத்தில் எந்தக் கம்பி தொய்ந்திருக்கிறது, எந்தப் பட்டை நகர்ந்திருக்கிறது என்பதை அந்த எண்களோடு ஒப்பிட்டே கண்டுபிடித்துவிடலாம்.